‘ம்’ சொன்ன எச்சில்

காதில் மாட்டியிருக்கிறீர்களே, அதைக் கழற்றுங்கள். பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது. கோயம்புத்தூர்தானே? நானும் அங்கேதான். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது காதை அடைத்துக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வது என்ன பழக்கம்? நான் படித்த கான்வென்டில் இப்படி உட்கார்ந்தால் சிஸ்டர் முட்டி போட வைப்பார்.

ஜன்னல் ஓரம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பையை மட்டும் காலடியில் தள்ளிக்கொள்கிறேன். என்ன கனம் கனக்கிறது! நான் வைத்தது இரண்டு புடவை. மீதியெல்லாம் அந்த மனுஷன் வேலை. கீழே நின்று கையை ஆட்டினாரே, நரைத்த மீசை, பஸ் கிளம்பிப் போன பிறகும் போஸ்ட் மரம் மாதிரி நின்றாரே, அவர்தான். என் வீட்டுக்காரர். பெயர் தாயுமானவன். கரூரில் என் சித்தி பேத்திக்குக் காதுகுத்து, போய்விட்டு வருகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். திருச்சி பஸ் ஸ்டாண்டில் கரூர் பஸ் வரிசையாக நிற்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு என்னை நேராகக் கொண்டுவந்து கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “இதுவும் கரூர் வழியாத்தான் போகும்” என்கிறார். போர்டு படிக்கக்கூடத் துப்பில்லாத மனுஷன். எனக்கு வசதியாகப் போயிற்று, வாயைத் திறக்கவில்லை. காதுகுத்தும் இல்லை, மூக்குக்குத்தும் இல்லை. நான் போவது என் மகள் மிருணாளினி வீட்டுக்கு. அவளுக்கும் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் வரவிட மாட்டாள். வேண்டாம் என்று நேராகச் சொல்கிற வளர்ப்பில்லை. “இந்த வாரம் வேணாம் மம்மி, வீட்டுக்கு பெயின்ட் அடிக்கிறாங்க.” அடுத்த தடவை கேட்டால், “கூட இருக்கிற பொண்ணுக்குப் பரீட்சை மம்மி.” அப்புறம், “தண்ணி வரலை மம்மி.” அப்புறம் மறுபடியும் பெயின்ட்! எந்த வீட்டுக்காரன் வாடகை வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை பெயின்ட் அடிக்கிறான்? நானும் பாவம், வீடு முழுக்க நாற்றமாக இருக்கும், குழந்தைக்குக் கஷ்டம் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டேன். இந்தத் தடவை, பெயின்ட்டானால் என்ன, மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

சில ஊர்களில் பேய்க்குப் பயந்து வாசல் கதவில் ‘நாளை வா’ என்று எழுதி வைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பேய் வரும். நின்று படிக்கும். சரி, நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போகும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், மறுபடி திரும்பும். படிக்கத் தெரிந்த பேய்க்கு யோசிக்கத் தெரியாதாம். இதற்குப் பயந்து ஊர் முழுக்க எட்டு மணிக்கே கதவைச் சாத்துகிறதாம்!

எனக்கு இந்த ஜாதியை நன்றாகத் தெரியும். எங்கள் தையல் வகுப்பில் சிஸ்டர் அலாய்சியஸ் என்று ஒருவர் இருந்தார். நாங்கள் தலைகுனிந்து எம்பிராய்டரி போட வேண்டும், அவர் கதை சொல்லுவார். உலகத்தில் உள்ள அத்தனை நாட்டுக் கதையும். அதில் அரக்கன், பூதம், சூனியக்காரி வருகிற கதையில் எல்லாம் ஒரே முடிவு. ஏமாந்து போகும். எந்த நாடாக இருந்தால் என்ன, உடம்பு மலை மாதிரி, மூளை கடுகு மாதிரி. எனக்கு அந்த வயதிலேயே எரிச்சலாக வரும். ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, “சிஸ்டர், அது கொஞ்சம் திரும்பிப் பார்த்திருந்தா போதுமே?” என்று கேட்பேன். “உட்கார்ந்து தை” என்பார்.

கதை கேட்கிறீர்களா? கேட்டால் ‘ம்’ கொட்ட வேண்டும். அது இல்லாமல் எனக்குக் கதை வராது. வெறுமனே தலையை ஆட்டினால் ஆகாது, நான் ரோட்டைப் பார்த்துப் பேசுகிறவள். ம்... அப்படித்தான்.

விஷயம் இதுதான். போன வருஷம் ஆடி மாதம். என் மகளுக்கு நாமக்கல்லில் ஒரு பல் டாக்டரைப் பார்த்து வைத்திருந்தேன். ஆடி போனதும் ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. இவள் படித்தது, காது கேட்காத குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லித் தருகிற படிப்பு. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது, போகிறேன் என்றாள். கல்யாணம் பண்ணிக்கொண்டு நாமக்கல்லில் போய் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொடு என்றேன். “அந்தாளு யாருன்னே எனக்குத் தெரியாது மம்மி. எனக்கு வேண்டாம்” என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு மட்டும் இந்த மனுஷனைத் தெரியுமா? பிறகும்தான் என்ன தெரிந்துகொண்டேன்? தெரிந்துகொள்ள அங்கே என்ன இருக்கிறது?

அவ்வளவுதான், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பெற்ற தாயோடு பேச மாட்டாளாம், ஊரான் பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லித் தரப் போகிறாளாம்!

நான் ஒன்றும் கொடுமைக்காரி இல்லை. கத்தவில்லை, அடிக்கவில்லை. போனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீடு உறையூரில், தனி வீடு. அவள் அறையிலிருந்து பக்கத்துச் சந்துக்கு ஒரு கதவு உண்டு. அதற்கு ஒரு பூட்டு போட்டேன். சாவியைச் சமையலறையில் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். அந்த இடத்துக்கு என்னைத் தவிர எவரும் வர மாட்டார்கள். இந்த மனுஷனுக்குச் சர்க்கரை எது, உப்பு எது என்றே நாக்கில் வைத்தால்தான் தெரியும். இதற்குப் போய், “அவளை அடைச்சு வச்சிருக்கியாமே?” என்று எதிர் வீட்டுக்காரி கேட்கிறாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது அவள். சந்துக் கதவைப் பூட்டியது பாதுகாப்புக்கு. இது அடைப்பதா?

சாப்பாடு மட்டும் இவர் கொண்டுபோவார். அவருக்குத்தான் கதவு திறக்கும். நான் தட்டினால் திறக்காது. சரி, திறக்க வேண்டாம். நான் ஒரு நாற்காலியை எடுத்துக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டேன். விளக்கு வைத்த பிறகு அங்கே போய் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். சின்னப் பிள்ளையில் அவளுக்குக் கதை சொன்னால்தான் வாய் திறக்கும், அந்த நேரத்தில் சோற்றை ஊட்டிவிட வேண்டும். அப்படி வளர்ந்த உடம்பு அது.

முதல் நாள் சொன்னது ஐரோப்பாவோ எங்கேயோ உள்ள அரக்கன் கதை. கல்லை எடுத்துக் கையால் நசுக்கிப் பொடியாக்குகிறான். எதிரே ஓர் ஆடு மேய்க்கிற பயல், ஊதினால் விழுந்துவிடுவான். இடுப்பிலிருந்து பாலாடைக்கட்டியை எடுத்து, “நான் கல்லைப் பிழிஞ்சு தண்ணியே எடுப்பேன், பாக்குறியா?” என்று பிழிகிறான். அரக்கன் பார்த்துவிட்டு நடுங்குகிறான். எப்படி இருக்கிறது? கல்லுக்கும் கட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா? வாங்கித் தொட்டுப் பார்க்க வேண்டாமா, மோந்து பார்க்க வேண்டாமா? உறையூர் மார்க்கெட்டில் நான் ஒரு கத்திரிக்காய் எடுத்தால் கடைக்காரன் கண்ணை மூடிக்கொள்வான், அத்தனை திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இவனெல்லாம் அரக்கனாம்.

“இந்த மூஞ்சிக்கு எதுக்குடி அரக்கன் உத்தியோகம்?” என்று கதவைப் பார்த்துக் கேட்டேன். உள்ளே இருந்து வந்தது பாருங்கள், “ம்.”

நாள் கணக்கில் பேசாதவள்! நான் எழுந்திருக்கவில்லை, குரலைக்கூட மாற்றவில்லை. மறுநாள் அடுத்த கதை. இப்படியே அந்த ஆடி முழுக்க.

ஜப்பானில் ஒரு மலைக்கிழவி. மனுஷரைத் தின்கிற ஜாதி. ஒரு வண்டிக்காரனுடைய மீனையும் மாட்டையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அவன் இவளுக்கு முன்னாலேயே வந்து இவள் வீட்டுப் பரண் மேலே ஏறி ஒளிந்திருக்கிறான். பரணில் படுக்கலாமா, பெரிய அண்டாவில் படுக்கலாமா என்று கிழவி தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். அவன் மேலே இருந்து “அண்டா, அண்டா” என்று குரல் கொடுக்கிறான். அடுப்பு சாமி சொல்லிவிட்டார் என்று அண்டாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். மூடி போட்டு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டான். கதை முடிந்தது. தன் வீட்டில் இன்னொரு குரல் கேட்கிறது, அது யார் குரல் என்று பார்க்கத் தெரியாத பொம்பளை, வீடு வைத்து நடத்துகிறாளாம்!

பனி பெய்கிற நாடு ஒன்றில் ஒரு ராட்சசன். வெயில் பட்டால் கல்லாகிவிடுவான். அவனிடம் மாட்டிக்கொண்டவள் அவனைப் பேச வைத்துக்கொண்டே இருக்கிறாள், அவனும் வாய் ஓயாமல் பேசுகிறான், விடிந்துவிட்டது. சில ஜென்மங்கள் அப்படித்தான், வாயைத் திறந்தால் நேரம் காலம் தெரியாது... என்னது, கரூர் தாண்டிவிட்டதா? எப்போது? சரி, போகட்டும். நான் எங்கே விட்டேன்?

நம் ஊர் பூதம் மட்டும் ஒசத்தியா? வேலை கொடு, வேலை கொடு, இல்லாவிட்டால் உன்னைத் தின்பேன் என்கிறது. பெண்டாட்டிக்காரி ஒரு சுருட்டை முடியைப் பிடுங்கிக் கொடுத்து, இதை நேராக்கு என்கிறாள். நீவி நீவிப் பார்த்துவிட்டு ஓடிப்போகிறது. இன்றைக்குத் தெரு முனை பார்லரில் அரை மணி நேரத்தில் நேராக்கி அனுப்புகிறார்கள். வாங்கிக்கொண்டு ஓடுகிறதே, கொஞ்சம் விசாரித்ததா?

ஒவ்வொன்றுக்கும் அவள் ‘ம்’ சொன்னாள். அது எப்படி இருக்கும் என்றால், சட்டென்று ஒரு வெட்டு. உதடு மூடின மாதிரியும் இருக்காது, திறந்த மாதிரியும் இருக்காது. சின்னப் பிள்ளையிலிருந்து அதே ‘ம்’தான்.

அப்புறம் ஒருநாள் அந்தக் கதை. எச்சில் கதை. இதை மூன்று கண்டத்துப் புத்தகங்களில் படித்ததாக சிஸ்டர் சொல்லுவார். ஒரு சூனியக்காரி வீட்டில் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். தப்பிக்க வேண்டும். ஆனால் சூனியக்காரி அடுத்த அறையிலிருந்து அடிக்கொரு தரம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் அந்தப் பெண் வாசலில் ஒரு துளி, அடுப்படியில் ஒரு துளி, கட்டிலில் ஒரு துளி எச்சிலைத் துப்பிவிட்டு ஓடிவிடுகிறாள். “என்னடி பண்றே?” என்று இவள் கேட்டால் வாசலில் உள்ள எச்சில், “பெருக்குறேன்” என்கிறது. மறுபடி கேட்டால் அடுப்படி எச்சில், “சமைக்கிறேன்” என்கிறது. அப்புறம் கட்டில் எச்சில், “தூங்குறேன்.” அந்த எச்சில் காய்ந்த பிறகுதான் சத்தம் நிற்கிறது. அதற்குள் அவள் எங்கேயோ போய்விட்டாள்.

எனக்கு அன்றைக்கு வந்த கோபம்! “ஏண்டி மிருணா, ஒரு பொண்ணோட குரலுக்கும் எச்சிலோட குரலுக்கும் வித்தியாசம் தெரியாதவ, காதுன்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கா? தோடு மாட்டவா?” என்று கேட்டேன்.

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். அந்த மாதத்தில் முதல் தடவை. தட்டோடு வந்து நின்றிருந்த இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “எச்சில் காய எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார். பாருங்கள், கேட்கிற கேள்வியை! அறுபதை நெருங்குகிற மனுஷன். “போங்க, போய்த் துப்பிட்டுப் பக்கத்துலயே உக்காந்து பாருங்க” என்றேன். “ம்” என்றார். அவருக்குத் தெரிந்த பாஷையே அது ஒன்றுதான். வீடு ஒழுகுகிறது என்றாலும் ‘ம்’, எனக்குக் காய்ச்சல் என்றாலும் ‘ம்’. அது தொண்டையிலிருந்து வராது, மூக்கிலிருந்து வரும். வந்து, குக்கரில் ஆவி இறங்குகிற மாதிரி கடைசியில் ஒரு இழுவை இழுத்து அடங்கும். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டே என் தலை நரைத்தது.

என்ன, ‘ம்’ வரவில்லை? தூங்கிவிடாதீர்கள். இனிமேல்தான் விஷயம்.

ஆவணி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், நாமக்கல்லிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வருகிறார்கள். முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பல் டாக்டரின் அம்மா போன் பண்ணினாள். வேன் எங்கே நிறுத்தலாம், எத்தனை மணிக்குக் காபி என்றெல்லாம் கேட்டுவிட்டு, “ஒண்ணு கேக்கணும் சம்பந்தி. பொண்ணு ரொம்பப் பேசுவாளோ? எங்க வீட்டுல பொம்பளைங்க குரலே வெளிய கேக்காது. அவன் அப்பாவுக்கு அது புடிக்காது” என்றாள்.

நான் என்ன சொன்னேன்? “அதெல்லாம் அமைதியான பொண்ணுங்க” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

வைத்துவிட்டு, சப்பாத்தி மாவை எடுத்து அடித்தேன் பாருங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். யார் யாரைப் பேசாதே என்பது? இந்தப் பெண் மூன்று வயது வரைக்கும் பேசவே இல்லை, தெரியுமா? டாக்டர் டாக்டராகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு டாக்டர் அம்மா, “நீங்க பேசிக்கிட்டே இருங்க, கதை சொல்லுங்க, என்னிக்காவது பதில் வரும்” என்றார். நாள் முழுக்கப் பேசினேன். அடுப்படியில், குளியலறையில், பஸ்ஸில், எங்கே பார்த்தாலும். வேண்டாதவர்கள், “அந்தப் பொம்பளை வாய மூடவே மாட்டா” என்றார்கள். சொல்லட்டும். அரக்கன் கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருநாள் வாயில் சோற்றோடு “ம்” என்றாள். அதுதான் அவள் முதல் பேச்சு. அந்த வாயை நாமக்கல்லில் கொண்டுபோய் அடைக்கிறதற்கா நான் கத்தினேன்? என்னோடு பேசாமல் இருக்கிறாளா, இருக்கட்டும், அது எங்கள் வீட்டு விவகாரம். இவள் யார் நடுவில்?

ஆனாலும் என்ன செய்வது, வேன் சொல்லியாகிவிட்டது, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, என் அண்ணன் வீட்டில் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்வதா? நானே பார்த்த இடத்தை? எதிர் வீட்டுக்காரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாளே!

சாயங்காலம் இவர் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். பெருங்காய வாசனை அடித்தது. கையிலிருந்து. அன்றைக்குச் சப்பாத்தி, குருமா. அதில் ஏது பெருங்காயம்?

சாமி விளக்கை ஏற்றப் போனேன். ஏற்றிவிட்டு, திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன். இவரைக் காணோம், தெருவில் நடக்கப் போயிருப்பார் என்று வைத்துக்கொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். “ஒரு ஊர்ல ஒரு சூனியக்காரி இருந்தா” என்று ஆரம்பித்தேன்.

“ம்” என்று வந்தது.

மூக்கிலிருந்து. கடைசியில் இழுவையோடு.

அப்படிப் பார்க்காதீர்கள். எனக்குத் தெரியாதா? குருடிக்குக்கூடத் தெரிந்திருக்கும். தொண்டையைச் சின்னதாக்கிக்கொண்டு, பெண் பிள்ளை மாதிரி சொல்லிப் பார்க்கிறார் அந்த மனுஷன். மீசை வைத்துக்கொண்டு! உலகத்திலேயே அதைவிட மட்டமான நடிப்பை நான் பார்த்ததில்லை.

கோட்டை ஸ்டேஷன் எங்கள் வீட்டுக்குப் பக்கம். ரயில் ஊதினால் கூடத்தில் கேட்கும். கோயம்புத்தூர் பக்கம் போகிற வண்டி வருகிற நேரம் அது. எழுந்து ஓர் ஆட்டோ பிடித்தால் பிளாட்பாரத்திலேயே கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். எழுந்திருக்கலாம் என்றுதான் நாற்காலிக் கையைப் பிடித்தேன்.

பிடித்துக்கொண்டே கதையைச் சொன்னேன்.

சூனியக்காரி துரத்துகிறாள். அந்தப் பெண் ஓடுகிறாள். பின்னால் ஒரு சீப்பை எறிகிறாள், அது காடாக முளைக்கிறது. “ம்.” சூனியக்காரி காட்டைக் கடித்துத் தின்றுகொண்டு வருகிறாள். “ம்.” கண்ணாடியை எறிகிறாள், அது ஆறாகிறது. குனிந்து ஆற்றைக் குடிக்கிறாள். “ம்.” சிஸ்டர் சொன்ன கதையில் அவ்வளவுதான், அதோடு வயிறு வெடித்துச் சாவாள். ஆனால் அன்றைக்கு ரயில் ஊதவே இல்லை. தாமதம். என்றைக்குத்தான் அது நேரத்துக்கு வந்தது? கதையை முடித்தால் நான் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் கதவைத் தட்ட வேண்டும். அதனால் அந்தப் பெண்ணைச் செருப்பை எறிய வைத்தேன், அது மலையானது. ரிப்பனை எறிய வைத்தேன், அது ரோடானது, அவளுக்கு ஓட வசதியாக. பொட்டுப் பெட்டி, குடை, தண்ணீர் பாட்டில், கையில் இருந்த எல்லாவற்றையும் எறிய வைத்தேன். சூனியக்காரியும் சளைக்காமல் மலையைத் தின்கிறாள், பள்ளத்தாக்கைத் தின்கிறாள், வயிறு என்ன வயிறோ. உள்ளே இருக்கிற எச்சில் ஒவ்வொன்றுக்கும் “ம்”, “ம்” என்கிறது. பசி நேரம் வேறு. சப்பாத்தியைத் தின்றுகொண்டே சொன்னாரோ என்னவோ.

கடைசியில் ஊதியது.

“அந்தப் பொண்ணு பத்திரமா ஊர் போய்ச் சேந்தா” என்றேன்.

அப்புறம், “ம்.” இழுவை உடைந்து வந்தது. எச்சில் அழுமா? சிஸ்டரைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு மேல் எனக்கு என்ன கஷ்டம் என்றால், அந்த அறைக் கதவு கீச்சென்று கத்தும். சந்துக் கதவு அதைவிட மோசம். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த மனுஷன் விடிய விடிய உள்ளேயே கிடப்பார், அவருக்கு இருக்கிற சாமர்த்தியத்துக்கு. அதனால் சமையலறைக்குப் போய், மிக்ஸியில் சின்ன ஜாரை மாட்டி ஓட விட்டேன். காலி ஜார். கடகடவென்று அது அலறுகிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போதும் என்று தோன்றின பிறகுதான் நிறுத்தினேன். வெளியே வந்தால், சார் வாசல் வழியாக, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருகிறார். “எங்க போனீங்க?” “கடைக்கு.” அது எங்கள் வீட்டில் காலையிலேயே வாங்கி வைத்திருந்த பழம்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன் பாருங்கள். கான்வென்டில் நாடகத்துக்கு நான் பரிசு வாங்கினவள். எதிர் வீட்டுக்காரியே அழுதுவிட்டாள். நாமக்கல்லுக்குப் போன் போட்டு, “எங்களை ஏமாத்திட்டுப் போயிட்டா” என்று நான் விட்ட அழுகையில் வேன் பாதியிலேயே திரும்பிவிட்டது. ஏமாந்தவளை யார் என்ன சொல்ல முடியும்?

இத்தனை அமளியில் இந்த மனுஷன் என்ன செய்தார் என்கிறீர்கள்? சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, “ராத்திரி மிக்ஸி ஓடுச்சே, சட்னி எங்க?” என்று கேட்டார். மகள் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள், இவருக்குச் சட்னி வேண்டும்! நாக்கு செத்த ஜென்மம். எனக்கு வந்த ஆத்திரத்தில், “பூனை தின்னுடுச்சு” என்றேன். “ம்” என்றார். அன்றையிலிருந்து ஒரு வருஷமாக, ராட்சசியை ஏமாற்றி மகளைக் காப்பாற்றின வீரர் மாதிரி வீட்டுக்குள் வளைய வருகிறார். போகட்டும், வாழ்க்கையில் அதுவாவது ஒன்று செய்தோம் என்று இருக்கட்டும்.

ஏன் மகளிடமாவது சொல்லவில்லை என்கிறீர்களா? என்னவென்று? நான்தான் உன்னை விட்டேன் என்றா? அவள் அந்த ஸ்கூலில், என்னிடமிருந்து எப்படித் தப்பித்தேன் தெரியுமா என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். நன்றாகத்தான் சொல்லுவாள், என்னிடம் கற்றுக்கொண்ட வாய். அந்தக் கதையில் போய், அது பொய், சூனியக்காரி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் கதை விளங்குமா? என்ன, பெயின்ட் அடித்து முடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவ்வளவுதான் என் கவலை. கதவைத் திறந்ததும் அவள் முகம் எப்படிப் போகும் என்று... சரி, விடுங்கள்.

இது என்ன, சூலூரா? அப்படியென்றால் வந்துவிட்டது. இருங்கள், பையில் முறுக்கு இருக்கும், ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் ‘ம்’ கொட்டியிருக்கிறீர்கள்... இது என்ன? இட்லிப் பொடி. ஒன்றல்ல, இரண்டு பாட்டில். கரூர் காதுகுத்துக்குப் போகிறவளுக்கு எதற்கு இட்லிப் பொடி? இதோ, எலுமிச்சங்காய் ஊறுகாய். அவளுக்குப் பிடிக்கும், எனக்கு ஆகவே ஆகாது. மறதி முற்றிவிட்டது மனுஷனுக்கு. அடியில் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறாரே, அதுதான் கனம்... பிடியுங்கள் கொஞ்சம்.

மிக்ஸி ஜார். சின்ன ஜார்.

இதை எதற்குப் பையில் வைத்தார்? அவளிடம் மிக்ஸியே கிடையாது. மிக்ஸி இல்லாதவளுக்கு ஜார் எதற்கு? துடைத்து, மூடி போட்டு, வேட்டித் துண்டில் சுற்றி... காலி ஜார்.

ராத்திரி மிக்ஸி ஓடுச்சே, சட்னி எங்க.

இருங்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள்.

போர்டு படிக்கத் தெரியாத மனுஷன். கோயம்புத்தூர் பஸ். ஒரு வருஷமாக என் எதிரே உட்கார்ந்து, நான் போட்டதைத் தின்றுகொண்டு, ‘ம்’, ‘ம்’ என்று... அடப்பாவி மனுஷா.

எனக்கு ஒன்றும் இல்லை. தூசி. ஜன்னலைச் சாத்துங்கள் என்று அப்போதே சொன்னேன்.

சிங்காநல்லூர் வந்தாயிற்றா? எழுந்திருங்கள், வழி விடுங்கள். இல்லை, இருங்கள், உட்காருங்கள். அதோ, டீக்கடைக்கு முன்னால், நீலச் சுடிதார். தலை வாராமல், வெயிலில், ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே ஒன்று. எத்தனை நேரமாக நிற்கிறதோ, முகம் கறுத்துப் போயிருக்கிறது. நிழலில் நிற்கத் தெரிகிறதா பாருங்கள்! யார் இவளுக்குச் சொன்னது, நான் வருகிறேன் என்று? வேறு யார் சொல்லியிருப்பார்கள்?

கொஞ்சம் நகருங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

“ஏய் மிருணா! இங்க, இந்தப் பக்கம்! பெயின்ட் அடிச்சு முடிச்சாச்சா?”

கேட்டதா உங்களுக்கு? பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, ஆனால் ஒரு ‘ம்’ வந்தது, சட்டென்று ஒரு வெட்டு. உதடு மூடின மாதிரியும் இல்லை, திறந்த மாதிரியும் இல்லை.

இது அவளேதான். எனக்குத் தெரியாதா?